ஆரல்வாய்மொழி கணவாய்க்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா: வீடும் கொஞ்சம் விளையும் (தோட்டமும்) வாங்க எது தேவலை?

கல்ஃப்ல இருந்து பொட்டி கட்டிட்டு வரப்போறவங்க, ரிட்டையர்மென்ட் பக்கத்துல நிக்குற வாத்தியாருங்க, மார்த்தாண்டத்து ஈரத்துல முட்டுவலி வந்து கொஞ்சம் வெயில் கண்டா போதும்னு இருக்குற அம்மாமாருக்காக இடம் தேடுற பிள்ளைங்க, எல்லாருமே இப்போ கிட்டத்தட்ட ஒரே கேள்வியத்தான் கேக்குறாங்க. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து நாகர்கோவில் சுத்துவட்டாரத்துல அஞ்சு சென்ட்டுக்குச் சொல்ற ரூவால, கணவாய்க்குக் கிழக்க திருநெல்வேலி மாவட்டத்துக் காவல்கிணறு தாண்டுனா அரை ஏக்கர் பேசுறாங்களே, நடுவுல வீட்டக் கட்டி சுத்தி தென்னையும் மாவும் வச்சுட்டு நிம்மதியா இருந்துரலாமே, அதுல என்ன குறைச்சல்னு.

குறைச்சல் தண்ணிதான். அந்த விலை அவ்வளவு கம்மியா இருக்குறதுக்குக் காரணமும் அதேதான், நம்ம பக்கம் நிலத்துக்கு விலை சொல்றாங்கன்னா பாதி அந்தத் தண்ணிக்குச் சொல்ற விலைனு வச்சுக்கோங்க. தென்மேற்கு மழை மேற்குச் சரிவுல முட்டி குலசேகரம் பேச்சிப்பாறைன்னு கொட்டித் தீத்துட்டு, மிச்சம் இருக்குறது ஆரல்வாய்மொழி கணவாய் வழியா வெறும் காத்தா கிழக்க பாயும். 1,600 மீட்டருக்கு மேல உயரமா மகேந்திரகிரி மலை வேற மறைச்சுட்டு நிக்குது. அதனால மலைக்கு அந்தப்புறம் பணகுடி, ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் ஆனி ஆடியில மேகம் தலைக்கு மேல போகும், கீழ ஒரு சொட்டு விழாது. அவங்களுக்கு மழைன்னா ஐப்பசி கார்த்திகைதான்.

ஆனாலும் அங்க போகவே கூடாதுன்னு நான் சொல்லல, சிலருக்கு அதுதான் சரியான இடம். யாருக்குன்னு பாப்போம்.

## எதெல்லாம் பாக்கணும்

விலைய கடைசிக்குத் தள்ளி வச்சுட்டு முதல்ல தண்ணியப் பாருங்க. எத்தன அடியில கிடைக்குதுங்கறதோட, சித்திரை வைகாசியிலயும் கிடைக்குமா, அத வாயில வைக்க முடியுமா. அடுத்தது காத்தும் வெயிலும், ஏன்னா வீடு கட்டுற செலவையே அது மாத்திரும். மூணாவது மண்ணு, நீங்க நடணும்னு ஆசப்படுறது அங்க வருமா. நாலாவது பேப்பர். அஞ்சாவது ஆஸ்பத்திரி, பஸ், மளிகை எல்லாம் எவ்வளவு தூரம், அறுபது தாண்டி குடி போறவங்க இத முதல் இடத்துக்கே கொண்டு வந்துரலாம்.

இடங்கள நாலாப் பிரிச்சுக்கிட்டேன். கடலோரத்த இதுல சேக்கல, அது தனிக் கதை.

## நாஞ்சில் நாட்டு வயலோரம்

தாழக்குடி, பூதப்பாண்டி, இறச்சகுளம், சுசீந்திரம், தேரூர் இந்தச் சுத்து. பேச்சிப்பாறை அணை 1906-ல இருந்து நிக்குது, அதோட பெருஞ்சாணியும் சேந்து கோதையாறு பாசனக் கால்வாய்ல தண்ணி ஓடுற வரைக்கும் இங்க கிணறு வத்துறது அபூர்வம், தண்ணியும் நல்ல தண்ணி. நாகர்கோவில் பஸ்ஸுக்குப் பஞ்சம் கிடையாது, ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் பக்கத்துல. மட்டி வாழை, செவ்வாழை, தென்னை எது வச்சாலும் வரும், கன்னியாகுமரி மட்டிக்கு 2023-ல புவிசார் குறியீடு கூட கிடைச்சாச்சு.

செலவு ஒளிஞ்சிருக்குறது வயலுக்குள்ள. பட்டாவுல நஞ்சைன்னு இருந்தா வீட்டு மனையா மாத்த அனுமதி வாங்கணும், அது சுலபமா வர்ற சமாச்சாரம் இல்ல. 'மண்ணப் போட்டு நெரப்பிட்டா ஒருத்தனும் கேக்க மாட்டான்'னு புரோக்கர் சொல்லுவாரு, அவரு கமிஷன் வாங்கிட்டுப் போயிருவாரு, பிளான் அப்ரூவலுக்கும் பேங்க் லோனுக்கும் அலையப் போறது நீங்க. அடியில களிமண், பக்கத்து வயல்ல நாத்து நடவு நேரத்துல தண்ணி கட்டுனா உங்க அஸ்திவாரத்துலயும் ஈரம் ஏறும், அதனால தரைமட்டத்த ரோட்ட விட நல்லா தூக்கணும், அதுக்கு லாரி லாரியா மண்ணு. கொசு இருக்கும். சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூரும் 2022-ல இருந்து ராம்சார்ங்கற சர்வதேச ஈரநிலப் பட்டியல்ல இருக்கு, குளத்த ஒட்டி இருக்குற மனையா இருந்தா ரெண்டு தடவை விசாரிங்க.

## கணவாய் வாசல்: தோவாளை, ஆரல்வாய்மொழி, முப்பந்தல்

இது நடுவுல உள்ள இடம். நம்ம மாவட்டம்தான், நாகர்கோவில் பக்கம்தான், ஆரல்வாய்மொழியில ரயில்வே ஸ்டேஷன் கூட இருக்கு. வெயிலும் உண்டு, வேர்க்காது. வேர்க்காததுக்குக் காரணம் காத்து, அந்தக் காத்த ஒரு தடவ ஆடியில நின்னு வாங்கிப் பாக்காம இங்க யாரும் அட்வான்ஸ் குடுக்காதீங்க.

வைகாசிக் கடைசியில ஆரம்பிச்சா புரட்டாசி வரைக்கும் ராவும் பகலும் மேற்க இருந்து அடிச்சுக்கிட்டே இருக்கும். முப்பந்தல்ல கரண்டு எடுக்குற காத்தாடி அத்தனையும் சும்மாவா நட்டு வச்சிருக்கான். எங்க சித்தி வீடு ஆரல்வாய்மொழியில, அடுப்பங்கரை மேற்குப் பக்கம், ஆடி மாசம் ஜன்னலத் தொறந்து வச்சுட்டு ஒரு காப்பி போட முடியாது, கேஸ் தீ ஒரு பக்கமா சாஞ்சு அணைஞ்சே போயிரும். மொட்டமாடியில வேட்டி காயப்போட்டா ஒரு வேட்டிக்கு நாலு கிளிப்பு, அப்பவும் பக்கத்துத் தெருவுல போய்த்தான் எடுக்கணும். ஜன்னல் படியில காலையில துடைச்சா சாயங்காலம் விரல் வச்சு கோடு போடுற அளவுக்கு மண்ணு.

அதனால இங்க வீடு கட்டுனா மேற்குச் சுவத்துல ஜன்னலக் குறைங்க, அடுப்பங்கரைய அந்தப் பக்கம் வைக்காதீங்க. கார் ஷெட்டுக்கோ மாடிக்கோ தகர ஷீட் போடுறதா இருந்தா போல்ட்டையும் சட்டத்தையும் கணக்குப் பாக்காம இரட்டிப்பா போடச் சொல்லுங்க. மனைக்கு மேற்க எவ்வளவு தூரத்துல காத்தாடி நிக்குதுன்னும் பாருங்க, றெக்கையோட நிழல் சாயங்கால வெயில்ல வீட்டுக்குள்ள சுத்திச் சுத்தி வந்தா தலைவலிதான், ராத்திரி அந்த உஷ் உஷ் சத்தம் சிலருக்குப் பழகிரும், சிலருக்குப் பழகவே பழகாது.

மரத்த விட செடிதான் இங்க பொழைக்கும். வாழை வச்சா கம்பு குடுத்து கட்டணும், அது ஒரு தனிச் செலவு. பிச்சியும் மல்லியும் அரளியும் நல்லா வரும், தோவாளைச் சந்தை பக்கத்துல இருக்குறதால பறிச்ச பூ அன்னைக்கே காசாயிரும். ஆனா பூன்னா விடியுறதுக்கு முன்னாடி எந்திரிச்சுப் பறிக்கணும், ரிட்டையர் ஆயி தூங்கலாம்னு வர்றவங்களுக்கு இது எதுக்கு.

## கணவாய் தாண்டி: காவல்கிணறு, பணகுடி, ராதாபுரம், தேரிக்காடு

எல்லாரும் கேக்குறது இந்த இடத்தத்தான், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல்ல நல்லது. வெயில் வருஷம் முழுக்க உண்டு, ஈரம் இல்லாததால சுவத்துல பூஞ்சை கிடையாது, துணி ஒரு மணி நேரத்துல காஞ்சிரும். நாலுவழிச் சாலை வந்தப்புறம் காவல்கிணறுல இருந்து நாகர்கோவிலும் திருநெல்வேலியும் ரெண்டுமே எட்டுற தூரம்தான். மகேந்திரகிரி இஸ்ரோவும் கூடங்குளமும் இருக்குறதால காவல்கிணறு, வள்ளியூர்ப் பக்கம் வாடகைக்கு ஆள் கிடைக்கும். கரண்டுக்கு சோலார் போட இத விட நல்ல இடம் நம்ம பக்கத்துல இல்ல. 3 கிலோவாட் போட்டா நாளைக்கு சுமாரா 12 யூனிட், பிரதமர் சூர்யகர் திட்டத்துல 78,000 ரூவா மானியமும் உண்டு. ஒண்ணு மட்டும், பேனல் மேல செம்மண் தூசி படியும், அதக் கழுவவும் தண்ணி வேணும்.

இப்போ தண்ணிக் கணக்கு. பேப்பர் பேனா எடுத்துக்கோங்க. நாலு பேரு இருக்குற வீட்டுக்கு ஆளுக்கு 135 லிட்டர்னு வச்சா நாளைக்கு 540 லிட்டர். அரை ஏக்கர்ல 35 தென்னை வைக்கலாம், கோடையில ஒரு தென்னைக்கு நாளைக்கு 50 லிட்டராவது வேணும், ஆக 1,750 லிட்டர். வீடு குடிக்குறத விட மூணு மடங்கு தோப்பு குடிக்குது. இத லாரித் தண்ணியில ஊத்தப் போறீங்களா, நிலத்த மலிவா வாங்கி மிச்சம் பிடிச்ச காசு எத்தன கோடைக்குத் தாங்கும்னு நீங்களே பாருங்க. ராதாபுரத்துல தென்னந்தோப்புன்னு விளம்பரம் போட்டு விக்குறவன்கிட்ட நான் கேக்குற ஒரே கேள்வி, மரத்துக்கு எத்தன வயசு, அது எந்தத் தண்ணியில வளந்துச்சு?

போர் போட்டா கிடைக்காதான்னு கேப்பீங்க. உள்பக்கம் முழுக்க கெட்டிப் பாறை, வெடிப்பு இருக்குற இடத்துல தண்ணி, இல்லாத இடத்துல புகைதான் வரும், பக்கத்துத் தோட்டத்துல 200 அடியில கிடைச்சதுங்கறது உங்க மனைக்கு ஒரு உத்தரவாதமும் இல்ல. கிடைச்சாலும் பல இடத்துல உவர். தண்ணியில கரைஞ்ச உப்ப அளக்குற டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு வாங்கிக் கையில வச்சுக்கோங்க. 500 வரைக்கும் நல்ல தண்ணி, வேற வழியே இல்லன்னா 2,000 வரைக்கும்னு அரசாங்கத் தர அளவு சொல்லுது. உவர்த் தண்ணியில பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, ஷவர்ல ஒவ்வொரு ஓட்டையும் வெள்ளையா உப்புக் கட்டி அடைஞ்சு கடைசியில ரெண்டு மூணு ஓட்டை வழியா கோணலா பீச்சும், ஆறு மாசத்துக்கு ஒருக்கா அதக் கழட்டிக் குத்தணும். ஆர்ஓ மெஷின் வச்சா ஒரு குடம் நல்ல தண்ணிக்கு ரெண்டு மூணு குடம் வெளிய போகும்.

கடலப் பாக்கப் போகப் போக கதை மாறும். உவரி, திசையன்விளைப் பக்கம் அடியில சுண்ணாம்புக் கல். ஆயன்குளத்துல ஒரு கிணறு 2021 மழையில வாரக்கணக்கா உள்ள விட்ட வெள்ளத்த முழுங்கிக்கிட்டே இருந்துச்சு, நெறையவே இல்ல, சென்னை ஐஐடிக்காரங்க வந்து பாத்துட்டு அடியில சுண்ணாம்புக் கல்லு கரைஞ்சு குகை மாதிரி வழி இருக்குன்னு சொன்னாங்க. எல்லாரும் அத அதிசயமா பாத்துட்டுப் போனாங்க, எனக்குத் தோணினது வேற: மழைத் தண்ணி அவ்வளவு வேகமா உள்ள போகுதுன்னா பக்கத்து வீட்டு செப்டிக் டேங்கும் அதே வேகத்துல உள்ள போகும்ல. அந்தப் பக்கம் வாங்குறவங்க உப்ப மட்டும் டெஸ்ட் பண்ணாம கிருமியும் பாக்கச் சொல்லுங்க.

சரி, குடிதண்ணிக்கு ஒரு வழி இருக்கு, மழை. 1,000 சதுர அடி மொட்டமாடி, வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் மழைன்னு வச்சாலும், வீணாப் போறது போக 40,000 லிட்டருக்கு மேல பிடிக்கலாம். நாலு பேருக்குக் குடிக்க சமைக்க நாளைக்கு 40 லிட்டர், வருஷத்துக்கு 14,600. அப்போ 15,000 லிட்டருக்கு ஒரு தரையடித் தொட்டி கட்டிட்டா குடிக்குற தண்ணிக் கவலை போயிரும். வீடு கட்டும்போதே இதப் பட்ஜெட்ல சேத்துருங்க, அப்புறம் தோண்டுனா செலவு ஜாஸ்தி. இந்தத் தொட்டிக்கு இடம் விடாம வரைஞ்ச பிளான அந்தப் பக்கத்துக்கு நான் பிளான்னே சொல்ல மாட்டேன்.

கால்வாய் இருக்கேன்னு சொல்லுவாங்க. ராதாபுரம் கால்வாய் உண்டு, நம்ம கோதையாறு பாசனத்துல இருந்துதான் போகுது, ஆனா அது கடைமடை, மேல மிஞ்சினாதான் கீழ வரும். தாமிரபரணி கருமேனியாறு நம்பியாறு இணைப்பச் சொல்லியும் நிலம் விக்குறாங்க, அது வெள்ளக் காலத்து உபரித் தண்ணிய கொண்டு வர்ற திட்டம், சித்திரையில உங்க தென்னைக்கு ஊத்தாது.

அதுக்காகக் காஞ்ச ஊருதானேன்னு ஓடைக்குள்ள மனை வாங்கிராதீங்க. 2023 டிசம்பர் 17, 18-ல தென்மாவட்டத்துல பேஞ்ச பேய் மழைய மறந்துரக் கூடாது, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். அஞ்சாறு வருஷம் காஞ்சு கெடந்த ஓடை ஒரு ராத்திரி வந்து தன் இடத்தக் கேட்டுச்சு.

மண்ணு எப்படின்னா, தேரி ஒரு குட்டிப் பாலைவனம், ரத்தச் செவப்பு மணல், காத்துக்கு இடம் மாறும், தண்ணி ஊத்துனா நிக்காது. அங்க வர்றது பனை, முருங்கை, கொல்லாமரம் (முந்திரி), கொஞ்சம் எலுமிச்சை, நெல்லி. ஆடு வளக்கலாம். பனையும் முருங்கையும் ஆடும் போதும்னு நெனைக்குறவங்களுக்கு அது பொன்னான இடம். செம்பருத்தியும் சக்கையும் (பலா) நல்லமிளகும் வேணும்னா வேணாம். வாங்குற இடத்துல பனை நின்னா இன்னொண்ணு, வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும், அதனால வீட்டு பிளானப் பனைய சுத்தித்தான் போடணும். எனக்கு அதுல வருத்தமே இல்ல, அக்கானி (பதநீர்) கிடைக்குமே.

வீடு கட்டும்போது மொட்டமாடிக்குத் தட்டோடு பதிக்கணும், சன்ஷேட் அகலமா விடணும், இல்லன்னா ராத்திரி பதினொரு மணிக்கும் சீலிங்குல இருந்து சூடு எறங்கும். கட்டுறதுக்கும் தண்ணி லாரியிலதான், கான்கிரீட்டுக்குத் தண்ணி ஊத்துற கியூரிங்க ஒப்பந்தக்காரர் தலையில விட்டுட்டு சும்மா இருந்துராதீங்க.

கூடங்குளத்துக்குப் பக்கத்துல பாக்குறவங்களுக்கு: 5 கிலோமீட்டர் வட்டத்துக்குள்ள ஜனம் பெருகுற மாதிரி புதுத் திட்டங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு, 16 கிலோமீட்டர் அவசரகாலத் திட்ட வட்டம். குடியிருக்கக் கூடாதுன்னு இல்ல, நாளைக்கு விக்கப் போகும்போது வாங்குறவன் இதக் கேப்பான். பக்கத்துல கல்குவாரி இருக்கான்னும் பாத்துக்கோங்க, ஞாயித்துக்கிழமை போனா சத்தம் தெரியாது, வேலை நாள்ல போங்க.

அப்புறம் மாவட்டம் மாறுது. தாலுகா ஆபீஸ் ராதாபுரம், கலெக்டர் ஆபீஸ் திருநெல்வேலி, ரேஷன் கார்டு மாத்தணும். ராத்திரி நெஞ்சுவலின்னா நாகர்கோவில் பெரிய ஆஸ்பத்திரிக்கு காவல்கிணறுல இருந்து சுமாரா 20 கிலோமீட்டர், உள்ள தள்ளி இருக்குற ஊர்ல இருந்து இன்னும் அதிகம். கார் ஓட்டத் தெரிஞ்சவங்க வீட்டுல ஒருத்தராவது இருக்கணும்.

## மேற்கு: மார்த்தாண்டம், திருவட்டாறு, குலசேகரம்

சுருக்கமா சொல்லிர்றேன். தண்ணி தாராளம், மண்ணு எதப் போட்டாலும் முளைக்கும். வெயில் தேடித்தான் கிளம்புறீங்கன்னா இங்க கிடையாது, ரப்பருக்கு நடுவுல பகல்லயே இருட்டு, சோலாரும் சரியா வராது. பெரிய மரம் வீட்டு மேல சாய்ஞ்சு நின்னா 2017 ஒக்கி புயல நெனச்சுக்கோங்க. பேப்பர்தான் இங்க பெரிய பூதம், மலையோரத்துல 1949-ம் வருஷத்து தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்துல சிக்கின சர்வே நம்பர் உண்டு, மலையிடப் பாதுகாப்புக் குழுமத்துக்குக் கீழ வர்ற கிராமமும் உண்டு. சர்வே நம்பரக் கையில வச்சுட்டுத்தான் பேச்சையே ஆரம்பிக்கணும்.

## ஒரு பார்வையில

| | நாஞ்சில் வயலோரம் | கணவாய் வாசல் | கணவாய் தாண்டி | மேற்கு |
|---|---|---|---|---|
| தண்ணி | நல்லது, தாராளம் | இடத்துக்கு இடம் மாறும் | கம்மி, பல இடம் உவர் | தாராளம் |
| வெயில், காத்து | மிதம் | ஆடிக் காத்து பேய் | வெயில் ஜாஸ்தி, தூசி | ஈரம், நிழல் |
| என்ன வரும் | வாழை, தென்னை | பூ | பனை, முருங்கை, ஆடு | ரப்பர், மிளகு, சக்கை |
| ஒளிஞ்ச செலவு | மண் நெரப்பு, நஞ்சை மாத்தம் | ஷீட், ஜன்னல், வாழைக்குக் கம்பு | லாரித் தண்ணி, தொட்டி, ஆர்ஓ, பயணம் | வக்கீல், மரம் வெட்டு |
| திரும்ப விக்க | சீக்கிரம் போகும் | பரவாயில்ல | ரோட்டோரம்னா போகும், உள்ளன்னா காத்திருக்கணும் | பேப்பர் சுத்தமா இருந்தா போகும் |

## எங்க வாங்கினாலும்

முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 10 லட்சத்துக்கு 90,000. 2025 ஏப்ரல்ல இருந்து 10 லட்சம் வரைக்கும் உள்ள சொத்த வீட்டுப் பெண்கள் பேருல எழுதுனா பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் குறையும், கணவாய் தாண்டி வாங்குறவங்களுக்கு இது நல்லாவே உதவும்.

'ஃபார்ம் பிளாட்'னு வேலி போட்டு, பாதை விட்டு, கேட்டும் வச்சு விக்குறாங்க பாருங்க, அதுல முக்காவாசி விவசாய நிலத்தத் துண்டு போட்டது. டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அப்ரூவல் இல்லாத மனைய வீட்டு மனையா பதிய பதிவுச் சட்டத்து 22-ஏ பிரிவுல தடை இருக்கு, 2016 அக்டோபர் 20-க்கு முந்தி பதிவான மனைங்களுக்குத்தான் வரன்முறை வழி. விவசாய நிலமாவே பதிஞ்சு தந்துருவான், வீடு கட்டப் போகும்போதுதான் முழிப்பீங்க. தோட்டத்துக்கு இலவச விவசாய கரண்டு இருக்குன்னு காட்டுவான், அந்த லைன்ல இருந்து வீட்டுக்கு ஒரு பல்ப் கூட எரிக்கக் கூடாது.

ஈசி (வில்லங்கச் சான்று) 30 வருஷத்துக்குப் போடுங்க, மூலப்பத்திரம் கேளுங்க. நம்ம மாவட்டத்துல 1956-க்கு முந்தின பத்திரம் பல மலையாளத்துல இருக்கும், படிக்கத் தெரிஞ்ச பழைய எழுத்தர் ஒருத்தரக் கூட்டிட்டு உக்காருங்க. காத்தாடி ஏரியாவுல பவர் பத்திரத்த வச்சு கை மாறின நிலம்னா பவர் குடுத்த ஆளு உயிரோட இருக்காரான்னு பாக்காம நகரவே நகராதீங்க.

## யாருக்கு எது

பிள்ளைங்க ஸ்கூல் படிக்குது, வயசான அம்மா கூட இருக்காங்க, காசும் கொஞ்சம் உண்டுன்னா நாஞ்சில் பக்கம் அஞ்சு சென்ட் போதும், புஞ்சையாவோ நத்தமாவோ இருக்குற மனையாப் பாருங்க. கையில காசு கம்மி, ஆளு தெம்பா இருக்கீங்க, கார் இருக்கு, தோட்டம்னா பனையும் முருங்கையும்னு மனசு ஒத்துக்குதுன்னா காவல்கிணறு பணகுடி ரோட்டோரம் பத்து சென்ட், அரை ஏக்கர் ஆசை வேணாம். நாகர்கோவில விட்டுப் பிரியவும் மனசில்ல, விலையும் கட்டுபடியாகலன்னா தோவாளை செண்பகராமன்புதூர்ப் பக்கம் காத்து மறைவா ஒரு மலைச் சரிவுக்குக் கிழக்க பாருங்க, அதே ஊருலயே ரெண்டு தெரு தள்ளினா காத்து பாதியாக் குறையுற இடம் உண்டு.

தென்னந்தோப்பு வேணும்னே அடம் பிடிக்குறவங்க மேற்கையோ நாஞ்சிலையோ விட்டு நகராதீங்க. நாலுல எதுன்னு இன்னும் முடிவுக்கு வராதவங்க முதல்ல வாடகைக்கு ஒரு வீடு எடுத்து சித்திரையில கொஞ்ச நாளும் ஆடியில கொஞ்ச நாளும் இருந்து பாத்துட்டு வாங்க, வள்ளியூர்லயும் ஆரல்வாய்மொழியிலயும் வாடகை ஒண்ணும் தலைக்கு மேல போகாது. குழாய் தண்ணி எத்தன நாளுக்கு ஒருக்கா வருதுன்னு மட்டும் வீட்டுக்காரர்கிட்ட கேக்காதீங்க, பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேளுங்க.